நாற்றுக்கு ஏது பத்திரம்

பெயர் இல்லாமல் பத்திரம் எழுத முடியாது. இருபத்துமூன்று வருஷமாக விருதுநகர் ரிஜிஸ்தர் ஆபீசுக்கு எதிரே உட்கார்ந்து பத்திரம் எழுதுகிறவன் நான். இந்த ஒரு விஷயத்தை எத்தனை பேரிடம் தொண்டை வறளக் கத்தியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. எழுதிக் கொடுப்பவர் பேர், அவர் தகப்பனார் பேர், எழுதி வாங்குபவர் பேர், அவர் தகப்பனார் பேர். அப்புறம்தான் மற்றதெல்லாம். என் பேர் ஊர்க்காவலன். கோபக்காரன் என்று பஜாரில் பேசிக்கொள்கிறார்கள். பேசட்டும். என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்றும் அதே வாய்கள்தான் பேசுகின்றன.

என் கோபத்தில் பாதி இந்த ழகரத்தால் வந்தது. எங்கள் பக்கத்தில் அதை யாரும் நாக்கில் ஏற்றுவதில்லை. மழை மளையாகிவிடும், வாழைப்பழம் வாளைப்பளமாகிவிடும். பேச்சில் போனால் போகிறது என்று விடலாம். எழுத்திலும் அப்படியே எழுதிக்கொண்டு வந்து நீட்டுவார்கள். அச்சங்குளத்துக்காரர் ஒருவர் நிலத்துக்கு நான்கெல்லை குறித்து வந்தார், 'கிளக்கே ஓடை' என்று. "சூரியன் உதிக்கிற திசையையாவது ஒழுங்கா எழுதப்படாதாய்யா?" என்று சிவப்புப் பென்சிலால் நான் போட்ட கோட்டில் தாளே கிழிந்துவிட்டது. அந்தப் பென்சில் எப்போதும் என் காதில்தான் இருக்கும்.

அறுபத்தொன்றாம் வருஷம் தைப்பொங்கல் முடிந்த மறுவாரம் சீனிவாசகம் வந்தான். சிவகாசிக்குப் பக்கத்தில் விஸ்வநத்தத்தில் சின்னதாக ஒரு வெடிக் கம்பெனி வைத்திருப்பவன். அவன் நிலம் வாங்கியது, ஷெட் போட்டது, பங்காளி தங்கச்சாமியோடு பாகம் பிரித்தது என்று எல்லாவற்றுக்கும் என் கைதான். எதையும் எழுத்தில் வைக்காவிட்டால் அவனுக்குத் தூக்கம் வராது. அன்றைக்கு அவன் சம்சாரம் பொன்னுத்தங்கமும் கூட வந்திருந்தாள். அவள் பேருக்கு ஏதோ இடம் வாங்குகிறான் என்று நினைத்துப் பேனாவைத் திறந்தேன்.

"எழுதிக் கொடுக்கிறது யாருப்பா?"

"பேர் தெரியாதுண்ணாச்சி."

"என்னது?"

"எங்க பேரும் அந்த ஆளுக்குத் தெரியக் கூடாது. அப்படி ஒரு பத்திரம் எளுதணும்."

"ஏம்பா, காலங்காத்தால என்னை வம்புக்கு இழுக்கணும்னு வேண்டுதலா?"

அவன் சிரிக்கவில்லை. "கொஞ்சம் அங்கன வாங்கண்ணாச்சி" என்று பின்பக்கம் வேப்பமரத்தடிக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனான். பொன்னுத்தங்கமும் வந்து நின்றாள்.

கல்யாணமாகிப் பதினோரு வருஷம் ஆகிறது அவர்களுக்கு. பிள்ளை இல்லை என்பது ஊருக்கே தெரியும். ஏன் இல்லை என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

"கல்யாணத்துக்கு மூணு மாசம் முன்னாடி எனக்குப் பொன்னுக்கு வீங்கி வந்துச்சுண்ணாச்சி. கன்னத்தோட நிக்காமக் கீளயும் இறங்கிருச்சு. பொன்னுக்கு வீங்கி வந்துதான் பொன்னுத்தங்கம் வந்தான்னு இவளைக் கேலி பண்ணிக்கிட்டே இருந்தேன். இப்ப மதுரையில டாக்டரம்மா பரிசோதனை பண்ணிப் பார்த்துட்டு, அதுலதான் எல்லாம் போச்சுன்னு சொல்லிட்டாக. என்கிட்ட வித்து இல்லையாம்."

அந்த டாக்டரம்மா ஒரு வழியும் சொல்லியிருந்தாள். டாக்டருக்குப் படிக்கிற பையன் ஒருவன் வித்து கொடுப்பானாம். அதை ஊசிக்குழலில் எடுத்து இவளுக்குச் செலுத்துவார்களாம். கொடுக்கிறவனும் வாங்குகிறவளும் முகம் பார்க்கப் போவதில்லை. புருஷன் சம்மதம் என்று வெள்ளைத் தாளில் கையெழுத்துப் போட்டால் போதுமாம். கேட்கக் கேட்க எனக்குக் காது மடல் சுட்டது. வீட்டில் ஐந்து பெற்றவன் நான். இப்படி ஒரு சங்கதியை அதுவரை கேள்விப்பட்டதே இல்லை.

"வெள்ளைத் தாளு எதுக்கு ஆகும்? நாளப்பின்ன அவன் வந்து என் பிள்ளைன்னு கேட்டா? பத்து வருசம் களிச்சு வாசல்ல வந்து நின்னா? தோள்ல தூக்கி வளர்த்துட்டு எப்படிண்ணாச்சி குடுப்பேன்?" சீனிவாசகத்துக்குக் கண் நிறைந்துவிட்டது. "எனக்குப் பிள்ளை வேணும். யாரும் திருப்பிக் கேக்காத பிள்ளையா வேணும்."

"தங்கச்சாமி மகன்கள்ல ஒருத்தனைத் தத்து எடுத்தா என்னப்பா?"

அதற்குப் பொன்னுத்தங்கம்தான் பதில் சொன்னாள். "நான் சுமந்து பெறணும்ண்ணே."

இதற்கு மேல் நான் என்ன கத்துவது? துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தேன்.

பேருக்குப் புள்ளி வைத்துக்கொள்ளலாம் என்று ஒருவழியாக மனசைத் தேற்றிக்கொண்டேன். அதோடு தீரவில்லை. என்ன பத்திரம் என்று தலைப்புப் போட வேண்டுமே! கிரயம் என்று போட்டால் விற்றது, வாங்கியது என்றாகிவிடும்.

"என் பிள்ளையை விலைக்கு வாங்கினேன்னா எளுதுவீக?" என்று சீனிவாசகம் எழுந்தே விட்டான்.

"அப்ப தானம்னு போடுவோம்."

"அந்தப் பையன் காசு வாங்குறானே அண்ணாச்சி. காசு வாங்கினா அது எப்படித் தானமாகும்?"

"விடுதலைப் பத்திரம்னு போட்டா, அவனுக்கு ஏற்கெனவே பாத்தியதை இருந்துச்சுன்னு நாமே ஒத்துக்கிட்டது மாதிரி ஆயிரும். பேசாம இருப்பா, என்னை யோசிக்க விடு!" என்று எரிந்து விழுந்தேன்.

தபசிலுக்கு வந்ததும் சுத்தமாகக் கை நின்றுவிட்டது. சொத்து விவரத்துக்குத்தான் தபசில். வடக்கே எது, தெற்கே எது என்று நான்கெல்லை போட வேண்டும். இதற்கு எல்லையாக எதைப் போடுவது?

அப்போது பொன்னுத்தங்கம் சொன்னாள்: "எங்க ஐயா வீட்டுல மிளகாய் நாத்து அளுகிப் போனா, பக்கத்துப் பிஞ்சையில கேட்டு வாங்கி நடுவோம். அவுகளும் மனசாரக் குடுப்பாக. எடுத்துக் கட்டின கூலியைக் குடுத்தா வாங்கிக்குவாக. பளம் பறிக்கையில வந்து கேட்டதா நான் பார்த்ததே இல்ல. அப்படின்னு எளுதுங்கண்ணே."

"அப்படி ஒரு பத்திரமே கிடையாது, தாயி."

"அதைத்தான் நானும் சொல்லுறேன். உங்க அஞ்சு பிள்ளைக்கும் பத்திரம் வச்சிருக்கீகளா?"

எனக்குச் சுருக்கென்றது. சீனிவாசகம் கேட்டால்தானே? அவன் பிடித்த பிடியில் நின்றான். கடைசியில் தலைப்பு இல்லாமலேயே ஸ்டாம்புத் தாளில் எழுதினேன். 'எக்காலத்திலும் எவ்விதப் பாத்தியதையும் கோர மாட்டேன் என்று மனப்பூர்வமாய் எழுதிக் கொடுத்தது' என்று முடித்தேன். பேர் வர வேண்டிய இடமெல்லாம் புள்ளிகள். தபசில் கிடையாது. என் வாழ்நாளில் நான் எழுதியதிலேயே மோசமான பத்திரம் அதுதான். கையெழுத்து மட்டும் அழகாக இருந்தது, அதைச் சொல்லாமல் இருக்க முடியாது.

மூன்று பேருமாக மதுரைக்குப் போனோம். டாக்டரம்மா ஐம்பது வயசுக்காரி. மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டு முழுவதும் படித்தாள். எனக்கு உள்ளுக்குள் பரீட்சை எழுதிய மாதிரி இருந்தது.

"எழுத்து ரொம்ப அழகா இருக்கு. ஆனா இதை நான் அந்தப் பையன்கிட்டக் காட்ட மாட்டேன். கையெழுத்துப் போட்டா அவன் பேர் உங்களுக்குத் தெரியும், உங்க பேர் அவனுக்குத் தெரியும். எதுக்குப் பயப்படுறீங்களோ அதை நீங்களே பண்ணி வைக்கிறீங்க."

சீனிவாசகம் மடியிலிருந்து ஒரு பவுன் காசை எடுத்து மேஜை மேல் வைத்தான். "இதையாவது அந்தத் தம்பிக்குக் குடுங்கம்மா."

"எடுங்க முதல்ல. அவனுக்கு ஒரு தடவைக்கு இருபத்தஞ்சு ரூபாய். பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும். அதுக்கு மேல ஒரு காசு கிடையாது."

"இம்புட்டுத்தானா? உசிரு குடுக்கிற ஆளுக்கு இம்புட்டுத்தானாம்மா?"

"பெரிய பணம்னு தெரிஞ்சா குடும்பத்துல இருக்கிற வியாதியை மறைச்சிட்டு வருவான். ஒண்ணுமே கொடுக்கலைன்னா, பெரிய தர்மம் பண்ணிட்டதா நினைச்சு அந்தப் பிள்ளை எங்கே, எப்படி இருக்குன்னு மனசு அலையும். இருபத்தஞ்சு ரூபாயை வாங்கினவன் அதோட மறந்துடுவான். மறக்கணும்."

சீனிவாசகம் காசை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். எழுந்து நின்று, "ஒண்ணே ஒண்ணு மட்டும் கேட்டுச் சொல்லுங்கம்மா. அவன் ஏன் குடுக்கிறான்?" என்றான்.

டாக்டரம்மா ஒரு வெள்ளைத் தாளை எடுத்து அவன் முன்னால் வைத்தாள். "கேட்டுப் பார்க்கிறேன்" என்றாள். அதில் சம்மதம் எழுதி அவனும் அவளும் கையெழுத்துப் போட்டார்கள். அதை அலமாரியில் வைத்துப் பூட்டினாள். என் பத்திரம் என் பைக்கே திரும்பி வந்தது.

ஒரு மாசம் கழித்து சீனிவாசகம் ஒரு துண்டுச் சீட்டோடு வந்தான். அந்தப் பையன் எழுதிக் கொடுத்ததாம். பேர் இல்லை, கையெழுத்து இல்லை. நான் வாங்கிப் படித்தேன்.

'மெஸ் பாக்கி இருந்தது. அதற்காகத்தான் முதலில் ஒத்துக்கொண்டேன். பொய் சொல்லவில்லை. என் அக்காவுக்குக் குளந்தை இல்லை. ஊரே அவளைப் பேசுகிறது. அவளுக்கு நான் எதுவும் செய்ய முடியாது. வேறு யாரோ ஒரு அக்காவுக்கு என்று நினைத்துக்கொண்டேன். நான் யாரையும் தேடி வர மாட்டேன். அக்கா வாள்க.'

என் கை பழக்கதோஷத்தில் காதிலிருந்த பென்சிலுக்குப் போய்விட்டது. போன கை அப்படியே நின்றது. குளந்தை, வாள்க. இவன் சென்னைப் பையன் இல்லை, வடக்கத்திப் பையன் இல்லை. எங்கள் பக்கத்துப் பையன். சாத்தூரோ, தாயில்பட்டியோ, அடுத்த தெருவோ! இது மட்டும் சீனிவாசகத்துக்கு உறைத்துவிட்டால், பஸ்ஸில் ஏறுகிற ஒவ்வொரு இளவட்டத்தின் மூக்கையும் முழியையும் பார்த்தே செத்துப்போவான். நல்லவேளை, அவனும் ளகரக்காரன். கவனித்திருக்க மாட்டான் என்று நினைத்தேன்.

"தாள் நைஞ்சு போயிருக்கு. நல்ல தாள்ல எடுத்து எழுதித் தாரேன்" என்றேன். 'குழந்தை' என்றும் 'வாழ்க' என்றும் திருத்தி நகல் எடுத்தேன். எடுத்த உடனே அசலைச் சுக்குநூறாகக் கிழித்துச் சாக்கடையில் போட்டேன். கையெழுத்து என்பது ஆளையே காட்டிக் கொடுத்துவிடும். க-வுக்கு வாலை நீட்டி இழுத்து எழுதுகிற அந்தக் கை என் கண்ணிலேயே நின்றது.

அதே வாரம், யாருக்கோ கேட்கிற மாதிரி தெரிந்த வக்கீல் ஒருவரிடம் கேட்டேன்.

"புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து வாழ்றப்போ பிறந்த பிள்ளை அந்தப் புருஷன் பிள்ளைதான்னு சாட்சியச் சட்டம் சொல்லுது. வேற ஒருத்தன் வந்து கேட்டா நிக்காது. நீர் சொல்லுற ஊசிக்குன்னு தனியாச் சட்டம் எதுவும் இல்லை. யாராவது முந்திரிக்கொட்டையாட்டம் எழுதி கிழுதி வச்சிருந்தா, அந்தத் தாள்தான் பிள்ளைக்கு முதல் எதிரி" என்றார்.

முந்திரிக்கொட்டை வேறு யாருமில்லை, நான்தான். என் தகரப்பெட்டிக்குள் கிடந்த பத்திரம் அன்றிலிருந்து பாம்பு மாதிரி என்னைப் பயமுறுத்தியது. கிழித்துவிடலாம் என்றேன். "பிறக்கட்டும் அண்ணாச்சி. அதுவரைக்கும் இருக்கட்டும்" என்று சீனிவாசகம் கெஞ்சினான். பிடிப்பதற்கு அவனுக்கு வேறு என்ன இருந்தது?

இரண்டு தடவை பலிக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் பஸ்ஸை விட்டு இறங்கும்போது பொன்னுத்தங்கம் முகத்தைப் பார்க்க முடியாது. புருஷன்காரன் அவளுக்குச் சீரணி வாங்கிக் கொடுத்து, "இனிப்பைத் தின்னுட்டு அளு" என்பான். அவள் அழுதுகொண்டே சிரிப்பாள். மூன்றாவது தடவை தங்கிற்று. அறுபத்திரண்டு சித்திரையில் பெண் பிறந்தது. சீனிவாசகத்தின் அம்மா பேரையே வைத்தார்கள், பேச்சியம்மாள் என்று.

தீபாவளிக்கு முந்தின மாசம், என்னைப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு விஸ்வநத்தம் வரச் சொல்லி ஆள் வந்தது. சீசன் நேரம். பேச்சி அப்பன் தோளில் சாய்ந்து அவன் தலைமுடியை இரண்டு கையாலும் பிடித்திழுத்துக்கொண்டிருந்தாள். அவன் வலிக்கிறது என்றுகூடச் சொல்லவில்லை. கண்ணுக்கு எட்டின தூரம் அவனைத் தவிர அந்தப் பிள்ளைக்கு ஒரு அப்பன் இருக்க முடியாது என்று எனக்குத் தோன்றியது.

பொன்னுத்தங்கம் பத்திரத்தை வாங்கினாள். விரலளவு கம்பியை எடுத்தாள். பசையைத் தொட்டுத் தடவி, என் முத்தெழுத்தை அதில் வைத்துச் சுருட்ட ஆரம்பித்தாள்!

"ஏ தாயி, என்ன பண்ணுற? அது ஸ்டாம்புத் தாள்!"

"அதான், கெட்டியா இருக்கு. வெடிக் குளாய்க்கு இதை விட நல்ல தாளு கிடைக்குமாண்ணே?"

"துண்டு துண்டா வெடிச்சாலும் எழுத்துத் தெரியுமே, கூறுகெட்டவளே!"

"தெரிஞ்சா என்ன? பேர்தான் எங்கனயும் இல்லையே."

பேர் இல்லாத பத்திரத்துக்கும் ஒரு பிரயோஜனம் இருக்கத்தான் செய்தது. சீனிவாசகம் பக்கத்தில் ஒரு பெரிய பெட்டியைக் காட்டினான். புஸ்வாணம், சங்குசக்கரம், சரவெடி என்று நிரம்பியிருந்தது. மதுரை மருத்துவ மாணவர் விடுதிக்கு, கம்பெனி சாம்பிள் என்று லேபிள் ஒட்டியிருந்தது.

"அங்கன யாருக்குப்பா?"

"யாருன்னு தெரியாதே அண்ணாச்சி. அதான் எல்லாருக்கும். அவனுக்கு நான் ஒண்ணும் குடுக்கக் கூடாதுன்னுட்டாக. விடுதி பூராவுக்கும் குடுத்தா யாரு கேப்பா? இந்த வெடியும் அதுக்குள்ளதான் போகுது. எளுதிக் குடுக்க வேண்டியவன் கையாலயே வெடிச்சுப் போகட்டும்."

பெட்டி லாரியில் போயிற்று. தீபாவளியும் போயிற்று. பத்து நாள் கழித்து சீனிவாசகம் குடும்பத்தோடு என் இடத்துக்கு வந்து ஒரு தபால் கார்டை நீட்டினான். விடுதியிலிருந்து கம்பெனிக்கு வந்த நன்றிக் கார்டு. அடியில் பத்துப் பன்னிரண்டு கையெழுத்து, மேலே நாலு வரி.

'தாங்கள் அனுப்பிய வெடிப்பெட்டி கிடைத்தது. அனைவரும் வெடித்து மகிள்ந்தோம். ஒரு வெடியின் துண்டில் யாரோ அளகான கையெளுத்தில் எக்காலத்திலும் என்று எளுதியிருந்தது. அதைப் புத்தகத்தில் வைத்துக்கொண்டேன். கம்பெனியும் குடும்பத்தாரும் வாள்க.'

க-வின் வால் நீண்டு கீழ்வரியைத் தொட்டுக்கொண்டிருந்தது. அதே கை. கார்டைக் கவிழ்த்து வைத்தேன். "நல்ல பையன்க" என்று பேச்சை மாற்றப் பார்த்தேன்.

"அண்ணாச்சி" என்றான் சீனிவாசகம். "அந்தச் சீட்டுலயும் வாள்கன்னுதான இருந்துச்சு?"

நான் பேனாவைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டேன்.

"எனக்கு அன்னைக்கே தெரியும். உங்ககிட்டத் திட்டு வாங்கி வாங்கியே எனக்கு அந்த எளுத்து மட்டும் கண்ணுல குத்தும். நம்ம பக்கத்துப் பயன்னு தெரிஞ்சு ரெண்டு நாள் சோறு இறங்கல. இவளுக்குத் தெரிஞ்சா பயந்துருவாளேன்னு சொல்லல."

"எனக்குந்தான் தெரியும். அந்தச் சீட்டை நானும் படிச்சேன்ல? இவுக பயந்துருவாகளேன்னு நான் சொல்லல" என்றாள் பொன்னுத்தங்கம்.

"அடப் பாவிகளா!" என்றேன். மூன்று பேரும் ஒருத்தருக்கு ஒருத்தர் ஒளித்து இரண்டு வருஷம் ஓட்டியிருக்கிறோம்.

"இப்ப பயம் இல்லையாப்பா? நாளைக்கு அவன் வந்து நின்னா?"

"நின்னா இலையைப் போட்டுச் சோறு வைப்பேன். அக்கான்னு எளுதிட்டான்லண்ணாச்சி. அப்ப இவளுக்குத் தம்பி. பேச்சிக்குத் தாய்மாமன். தாய்மாமன் சீர் கொண்டுக்கிட்டு வருவான், பிள்ளையைக் குடுன்னா கேப்பான்?"

முறையைக் கோடு போட்டுப் பார்க்கிறவனுக்கு இது எங்கேயோ இடிக்கும். இடிக்கட்டும். கிரயம், தானம், விடுதலை என்று நான் மண்டையை உடைத்துக்கொண்டு தேடிய வார்த்தையை, மெஸ் பாக்கிக்காக வந்த ஒரு பொடிப்பயல் அவனை அறியாமல் எழுதிவிட்டான். எனக்குக் கண் கலங்கிப் போய்விட்டது. துண்டை எடுத்து மூக்கைச் சிந்துகிற மாதிரி துடைத்துக்கொண்டேன்.

பொன்னுத்தங்கம் நான் எடுத்துக் கொடுத்த நகலைப் பிரித்து மேஜையில் வைத்தாள். "பேச்சி பெருசானதும் சொல்லுறதா வேண்டாமான்னு அப்புறம் பார்ப்போம். சீட்டு இருக்கட்டும். ஆனா நீங்க திருத்தினது வேண்டாம்ண்ணே. பேச்சி மாமன் எப்படி எளுதினாரோ அப்படியே எளுதிக் குடுங்க."

புதுத் தாளை எடுத்தேன். மேஜை மேல் உட்கார வைத்திருந்த பேச்சி எட்டி, என் காதிலிருந்த சிவப்புப் பென்சிலைப் பிடுங்கி வாயில் வைத்துக்கொண்டாள். யாரும் தடுக்கவில்லை. இருபத்துமூன்று வருஷத்தில் முதல் தடவையாக, தெரிந்தே, நிதானமாக, முத்து முத்தாக எழுதினேன்: அக்கா வாள்க.